பட்டியலை எந்த வகுப்பிலிருந்து எடுப்பது? பெரம்பூர் 2010–14 நினைவுகள்

07.05.2024, பிற்பகல் (வாசகர் ஒருவரின் கேள்வி)

நேற்று பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும்தான் உறைத்தது, நாம் எழுதிப் பத்து வருஷம் ஓடிவிட்டது. ஆகஸ்டில் ஒரு சந்திப்பு வைக்கலாம் என்று நாலைந்து பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு குரூப் போட்டோவை வைத்துப் பட்டியல் போட்டாயிற்று. அதில் இல்லாதவர்கள் நம் பேட்ச் இல்லை என்பது என் கருத்து. நடுவில் வந்து போனவர்களை எல்லாம் சேர்த்தால் அதற்கு முடிவே இருக்காது. இடம் ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட், தலைக்கு 2,500 ரூபாய். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

07.05.2024, இரவு

எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது, அழுத்தமாகவே இருக்கிறது.

2010 ஜூனில் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் போய் உட்கார்ந்தோமே, ஜன்னல் ஓர பெஞ்சில் யார் யார் இருந்தோம்? ஓட்டேரி, ஜமாலியா, அகரம், மூலக்கடை, கடைசியில் நான். நம் வகுப்பில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஏறி இறங்குகிற பஸ் ஸ்டாப்தான் பெயர். ஜி.கே.எம். காலனியிலிருந்து மூன்று பேர் வந்ததால் பெரிய காலனி, நடு காலனி, சின்ன காலனி. தமிழ் ஐயாவே வருகைப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு "செம்பியம், எழுந்து படி" என்பார்.

அந்த பெஞ்சில் ஜமாலியாவும் நானும்தான் குரூப் போட்டோவில் இருக்கிறோம். மற்ற மூவரும் நம் பேட்ச் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டியலைப் பத்தாம் வகுப்பு 'பி'யிலிருந்து எடுங்கள். ஏன் என்று நாளை விரிவாக எழுதுகிறேன், நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்புகிறேன்.

08.05.2024

நாம் ஒரு வகுப்பாக ஆனது 2011 ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில்தான் என்று நினைக்கிறேன்.

அந்த மே மாதம் ஆட்சி மாறியது. எல்லா வகைப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்வியை அந்த வருஷத்துக்கு நிறுத்தி வைக்கச் சட்டத் திருத்தம் வந்தது. ஜூன் 1 அன்று திறக்க வேண்டிய பள்ளி 15 அன்று திறந்தது. அப்புறம் வழக்கு. ஜூலை 18 அன்று அந்தத் திருத்தம் செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். அரசு டெல்லிக்குப் போனது. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் சமச்சீரையே நடத்தச் சொல்லித் தீர்ப்பு கொடுத்த பிறகுதான் புத்தகம் கைக்கு வந்தது. பொதுத்தேர்வு எழுதப் போகிற பையன்கள், ஒரு புத்தகம்கூட இல்லாமல் ஏறக்குறைய இரண்டு மாதம் பள்ளிக்கு வந்து போனோம். வீட்டில் எல்லாருக்கும் வயிற்றில் புளியைக் கரைத்தது. நமக்கு அது எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா?

புத்தகம் இல்லை, அதனால் டெஸ்ட் இல்லை, அதனால் ரேங்க் இல்லை. அவ்வளவுதான் விஷயம். முதல் ரேங்க் யார், கடைசி யார் என்று சொல்ல யாரிடமும் தாள் இல்லை. கணக்கு சார், "எந்தப் புத்தகம் வந்தாலும் காரணிப்படுத்துறது இருக்கும், அதைப் போடு" என்று பலகையை நிரப்பினார். தமிழ் ஐயா, "எந்த அரசு வந்தாலும் வள்ளுவர் இருப்பார்" என்று குறளை எடுத்தார். சமூக அறிவியல் சார், வீட்டுப் பெரியவர்களிடம் பெரம்பூரைப் பற்றிக் கேட்டு எழுதி வரச் சொன்னார். ஓட்டேரியின் தாத்தா பின்னி மில்லில் நெசவுப் பகுதியில் இருந்தவர். 1996-ல் மில் மூடியதையும், அதற்கெல்லாம் முன்பு 1921-ல் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தைப் பற்றி அவருடைய அப்பா சொன்னதையும் இவன் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். அதை வகுப்பில் வாசித்தபோது சார் உட்காரவே இல்லை, கதவுப் பக்கம் நின்றபடியே முழுதும் கேட்டார்.

அப்புறம் அகரம். ஒன்பதாம் வகுப்பு முழுக்கக் கடைசி ரேங்க் அவனுக்குத்தான். அவன் அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. ஒரு நாள் பழைய டேபிள் ஃபேன் மோட்டார் ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டுவந்தான். அறிவியல் சார் பார்த்துவிட்டுத் திட்டாமல் மேசையைக் காலி செய்து கொடுத்தார். அவன் மூடியைக் கழற்றி, கருகிய காயிலைக் குறடால் இழுத்து வெளியே எடுத்தான். வார்னிஷ் எரிந்த வாடை வகுப்பு முழுக்க அடித்தது. காகிதத்தைப் பள்ளத்தில் மடித்து வைத்து, செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றி, நுனியைப் பிளேடால் சுரண்டிக் காட்டினான். சுரண்டாவிட்டால் ஏன் மின்சாரம் போகாது, கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் ஃபேன் ஏன் உறுமிக்கொண்டே நிற்கிறது என்று அவன் சொல்லச் சொல்ல, முதல் ரேங்க் வாங்குகிற ஐ.சி.எஃப். நோட்டில் குறித்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு பீரியட் முழுக்க அகரம்தான் வாத்தியார்.

புத்தகம் வந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், அந்த இரண்டு மாதம் அந்த அறையில் இருந்த எல்லாரும் அழைக்கப்பட வேண்டும். அகரம் பத்தாம் வகுப்போடு போய்விட்டான். அவனில்லாத சந்திப்பு எனக்கு வேண்டாம்.

08.05.2024, மாலை

ஸ்டிக்கரை மறந்துவிட்டாயே என்று ஜமாலியா கேட்டிருக்கிறான். மறப்பேனா? முந்தைய ஆட்சி சம்பந்தப்பட்டது என்று நினைத்த பகுதிகளை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துத்தான் புத்தகம் கொடுத்தார்கள். ஒட்டாமல் விட்டிருந்தால் அந்தப் பக்கத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒட்டியதால் மொத்த வகுப்பும் ஜன்னலில் பக்கத்தைப் பிடித்து வெளிச்சத்தில் படித்தது. சின்ன காலனி தண்ணீர் தொட்டு ஓரத்தைக் கிளப்பப் பார்த்து, பக்கமே கிழிந்து, அதற்கு அட்டை போட்டு மறைத்துக்கொண்டு வருஷம் முழுக்கத் திரிந்தான்.

10.05.2024

இன்று பத்தாம் வகுப்பு ரிசல்ட். எங்கள் தெருவில் ஒரு பையனுக்குச் சாக்லேட் கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நம் ரிசல்ட் 2012 ஜூன் தொடக்கத்தில் வந்தது. சமச்சீரில் முதல் பத்தாம் வகுப்புத் தேர்வு நம்முடையதுதான். கேள்வித்தாள் எப்படி இருக்கும் என்று சொல்ல அண்ணன்மாரும் இல்லை, பழைய வினாவங்கியும் உதவவில்லை. அறிவியலில் 25 மதிப்பெண்ணுக்குச் செய்முறைத் தேர்வு என்பதும் நமக்குப் புதிது. அதையெல்லாம் தாண்டித்தான் வந்தோம்.

அந்த ஜூனில்தான் வகுப்பு சிதறியது. 500-க்கு எவ்வளவு என்பதை வைத்து வராந்தாவில் வரிசை. மேலே இருப்பவர்களுக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப். அடுத்து காமர்ஸ். அதற்கும் அடுத்து வொகேஷனல். வரிசையில் நின்றவனிடம் என்ன படிக்க ஆசை என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஓட்டேரி வரிசைக்கே வரவில்லை, தரமணி அரசு பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பம் போட்டுவிட்டான். அகரம் ஐ.டி.ஐ. நடு காலனி ஒரு பாடத்தில் தவறி உடனடித் தேர்வு எழுதித் தேறினான். ஆனால் அதற்குள் அவனை மாமா கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்னொன்றும் அந்த ஜூனில் மாறியது, அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. சத்துணவு பத்தாம் வகுப்போடு சரி. பதினொன்றில் கிடையாது. ஒன்பது, பத்தில் மதியம் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று, முட்டையோடு சாம்பார் சாதம் சாப்பிட்டவர்களுக்குத் திடீரென்று ஒன்றுமில்லை. அதே பையன், அதே பசி, வகுப்பு மட்டும்தான் வேறு. முதல் வாரம் ஒருவன் மதியம் மணி அடித்ததும் பைப்புக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மைதானத்துப் பக்கம் நடப்பான். பந்து விளையாடப் போகிறான் என்று நினைத்தோம். ஜமாலியாதான் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மறுநாளிலிருந்து அவன் அம்மா பெரிய டிபன் கேரியர் கொடுத்து அனுப்பினார்கள், எலுமிச்சை சாதம், மேலே அப்பளம். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மூடியில் ஒருவன், கிண்ணத்தில் ஒருவன் என்று முடித்துவிட்டு மணி அடிப்பதற்குள் கழுவி வைத்துவிடுவோம். அந்தப் பையன் இன்று நம்மில் நல்ல நிலையில் இருப்பவர்களில் ஒருவன். படித்துக்கொண்டிருப்பான், பெயர் சொல்ல மாட்டேன். ஜமாலியா அம்மாவையும் அழைக்க வேண்டும் என்பது என் தனிக் கோரிக்கை.

11.05.2024

பிளஸ் டூ வரை இருந்தவனுக்குத்தானே லேப்டாப், நடுவில் போனவனுக்கு என்ன பங்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஓட்டேரி அதற்குப் பதில் போட்டிருக்கிறான்: அரசு, உதவிபெறும் பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் அப்போது அதே திட்டத்தில் லேப்டாப் கொடுத்தார்கள், அவனுக்கும் வந்தது. அதே பை, அதே முதல்வர் படம். விண்டோஸோடு பாஸ் (BOSS) லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது, அதைத் திறந்து பார்த்தவன் நமக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான்.

லேப்டாப்பை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது என்பதற்காகத்தான் இதை எழுதினேன். இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஓட்டேரி 2012-ல் சேர்ந்து 2015-ல் டிப்ளமோ முடித்தான். நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு. 2018-ல் பட்டம். நாம் 2014-ல் பள்ளி முடித்து நாலு வருஷம் படித்து வெளியே வந்ததும் அதே 2018-தான்.

பதினொன்றாம் வகுப்பில் கொடுத்த சைக்கிள் அவனுக்குக் கிடைக்கவில்லை, அது உண்மை. எனக்குக் கிடைத்த சைக்கிளை ஹேண்டில், பிரேக்கெல்லாம் முறுக்கி ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்து கொடுத்தது அகரம். காசு வாங்கவில்லை.

12.05.2024

கப்பல். இதை நானே தொடங்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

2012 அக்டோபர் 31, நீலம் புயல். பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் அறுந்து பெசன்ட் நகர் கரையில் தரைதட்டி நின்றது. கப்பலிலிருந்து உயிர் காக்கும் படகில் இறங்கியவர்கள் அலையில் கவிழ்ந்தார்கள். மீனவர்கள் கடலில் இறங்கிச் சிலரைக் காப்பாற்றினார்கள், சிலர் இறந்துபோனார்கள். டி.வி.யில் பார்த்தபோதே போக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அப்போது நாம் பதினொன்றாம் வகுப்பு. வகுப்பு கலைந்து நாலைந்து மாதம். ஞாயிறு காலை பெரம்பூர் பஸ் நிலையத்தில் நிற்கலாம் என்று ஃபர்ஸ்ட் குரூப் பையன்களுக்குள் பேசிக்கொண்டோம். போய்ப் பார்த்தால் ஓட்டேரி நிற்கிறான். ஐ.டி.ஐ. சட்டையோடு அகரம் நிற்கிறான். நடு காலனி மாமாவிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். யார் யாருக்குச் சொன்னது என்று இன்றுவரை தெரியாது.

29சி. ஏறுகிற இடத்திலிருந்து இறங்குகிற இடம் வரை, பெரம்பூர் முதல் பெசன்ட் நகர் வரை. ஸ்டூடண்ட் பாஸ் பள்ளிக்கூட வழிக்கு மட்டும்தான் செல்லும், கண்டக்டர் எல்லாரையும் டிக்கெட் எடுக்க வைத்துவிட்டார். நடு காலனிதான் மொத்தமாக எடுத்தான், நம்மில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன். மயிலாப்பூர் தாண்டும்வரை பின்பக்கத்தில் பாட்டு, அடையாறில் ஒரு அம்மா அதட்டினார்கள், அப்புறம் மெதுவாகப் பாட்டு.

கடற்கரையில் அவ்வளவு கூட்டம். சுண்டல், பஜ்ஜி, பைனாகுலர் வாடகை, எல்லாம் வந்துவிட்டது. கப்பல் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல நின்றது, தெருவோடு ஒரு அடுக்குமாடியைக் கொண்டுபோய்த் தண்ணீரில் வைத்த மாதிரி. சின்ன காலனி உற்சாகத்தில் கத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "அதுல இருந்து எறங்கினவங்க செத்திருக்காங்க தம்பி" என்றார். அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். படகு எப்படிக் கவிழ்ந்தது, அந்த அலையில் ஏன் திரும்பக்கூடாது என்று மணலில் கோடு போட்டுக் காட்டினார். பிஸிக்ஸ் சார் அந்த வருஷம் நடத்திய எதுவும் எனக்கு அவ்வளவு தெளிவாகப் புரியவில்லை.

ஜமாலியாவின் போனில் கப்பலை முதுகுக்குப் பின்னால் வைத்து ஒரு படம் எடுத்தோம். கப்பலை நவம்பர் 11 அன்று இழுத்துக்கொண்டு போனார்கள், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. குரூப் போட்டோவையும் அந்தப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2010-ல் ஒன்றாக உட்கார்ந்தவர்கள் எந்தப் படத்தில் அதிகம்?

12.05.2024, இரவு

படம் இப்போது யாரிடம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அந்த போன் போய்விட்டது, படத்தை ஓட்டேரி அப்போதே புளூடூத்தில் வாங்கி லேப்டாப்பில் போட்டு வைத்திருக்கிறான். அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நடு காலனி கண்ணை மூடியிருப்பான், அதைச் சொல்லிச் சிரிக்கக் கூடாது.

14.05.2024

கப்பலிலிருந்து பேச்சு நிலநடுக்கத்துக்குப் போய்விட்டது, போகட்டும். 2012 ஏப்ரல் 11, சுமத்ரா பக்கம் கடலுக்கு அடியில் அதிர்ந்தது இங்கே உணரப்பட்டது. நம் பத்தாம் வகுப்புத் தேர்வு நாட்களின் நடுவில். மதியம் எல்லாரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள், சுனாமி எச்சரிக்கை வேறு. 2004-ஐப் பார்த்த ஊர் அல்லவா, பயம் நியாயமானது. எங்கள் தெருவில் ஒருவர் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அம்மா என் ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கரண்ட் கட்டையும் கேட்டிருந்தீர்கள். சென்னையில் தினம் ஒரு மணி நேரமாக இருந்த மின்வெட்டு 2012 பிப்ரவரி கடைசியில் இரண்டு மணி நேரமானது. மற்ற ஊர்களில் பாதி நாள் இருக்காது, நாம் குறை சொல்லவே கூடாது. நம் பள்ளிக்குப் பத்து முதல் பன்னிரண்டு என்று வந்தால் மூன்றாவது பீரியட் மரத்தடிக்கு மாறிவிடும். புங்கமரத்து நிழலில் பலகை கிடையாது, அதனால் வேதியியல் சார் சமன்பாட்டை மண்ணில் குச்சியால் எழுதுவார், பி.டி. மாஸ்டர் குறுக்கே நடந்து ஆக்ஸிஜனை அழித்துவிட்டுப் போவார்.

16.05.2024

இரண்டு நாளாக ஒரு யோசனை விடாமல் தொந்தரவு செய்கிறது. பத்தாம் வகுப்புப் பட்டியல் என்று கேட்டேன். அது போதாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து எடுக்க வேண்டும்.

ஏனென்றால் மூலக்கடை. ஜன்னல் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். புத்தகமில்லாத அந்த இரண்டு மாதத்தில் அவன் இல்லை, அதற்கு முன்பே போய்விட்டான். அவனாகவா போனான்?

எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நாம் அந்த ஜூனில்தான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தோம். சட்டத்தின் நிழல் முடிகிற இடத்தில் நின்றோம் என்பது அன்று நமக்குத் தெரியாது. அடுத்த வருஷம் பொதுத்தேர்வு, பள்ளிக்கு நூற்றுக்கு நூறு தேர்ச்சி வேண்டும். தேறமாட்டான் என்று தோன்றுகிறவனை ஒன்பதிலேயே கழித்துவிட்டால் கணக்கு சுத்தமாக இருக்கும். 2011 ஏப்ரல் கடைசியில் சில பெற்றோரை மட்டும் அழைத்தார்கள். "இங்கேயே இருந்தா ஃபெயில்தான் போட முடியும். டி.சி. வாங்கிக்கிட்டீங்கன்னா பாஸ் போட்டுத் தர்றோம்." மூலக்கடையின் அம்மா அலுவலக வாசலில் நின்று கேட்டது இதுதான். அவர்களுக்குக் கையெழுத்து போடத் தெரியும், படிக்கத் தெரியாது. எதில் போடுகிறோம் என்று எதிரே நின்ற என்னிடம்தான் கேட்டார்கள். மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பம் என்று வாசித்துச் சொன்னேன். வேறு என்ன செய்ய வேண்டும் என்று பதினாலு வயதில் எனக்குத் தெரியவில்லை.

அவன் வேறு பள்ளியில் சேர்ந்து, நாம் எழுதிய அதே ஏப்ரலில், அதே கேள்வித்தாளை எழுதித் தேறினான். இதை நீங்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். தேறமாட்டான் என்று அனுப்பப்பட்டவன் முதல் முறையிலேயே தேறினான். இப்போது மாதவரம் பக்கம் ஏ.சி. சர்வீஸ் வேலை, சொந்தமாக இரண்டு பையன்களை வைத்துச் செய்கிறான். எங்கள் வீட்டு ஏ.சி.க்கு அவன்தான் வருவான். பள்ளிக்கூடப் பேச்சு எடுத்தால், "எனக்கு ஒரு வருஷம்தானே மச்சான்" என்று அவுட்டோர் யூனிட் பக்கம் திரும்பிவிடுவான்.

அப்படிப் போனவர்கள் நம் பிரிவில் அவன் மட்டும் இல்லை, உங்களுக்கும் முகங்கள் ஞாபகம் வரும். அவர்களையும் விட்டுவிட்டுப் பட்டியல் போட்டால், பள்ளி அன்று செய்ததையே நாமும் செய்கிறோம்.

17.05.2024

நீண்ட பதில்கள் வந்திருக்கின்றன, எல்லாவற்றையும் படித்தேன். முதலில் கேள்வி கேட்டவர் வருத்தப்பட்டிருக்கிறார், தான் யாரையும் ஒதுக்க நினைக்கவில்லை என்று. நினைக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். அவர் பதினொன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்தவர். மூலக்கடையை அவர் பார்த்ததே இல்லை.

18.05.2024

அவர் பக்கத்து நியாயத்தையும் எழுத வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு என்பது சின்ன விஷயமில்லை. 2013 ஜூன் முதல் 2014 மார்ச் வரை நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த அளவுக்கு வீட்டுக்காரர்களைப் பார்க்கவில்லை. காலை ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஆறு வரை ஸ்டடி, ஞாயிறு டெஸ்ட்.

1200 என்ற எண்ணோடுதான் தூங்கி எழுந்தோம். இப்போது 600 ஆக்கிவிட்டார்கள், இன்றைய பையன்களிடம் 1,080 என்று சொன்னால் முழிக்கிறார்கள். அதைவிட இன்ஜினியரிங் சேர்க்கைக்கான அந்த 200. கணக்கில் வாங்கியதைப் பாதியாக்கி நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு, கூட்டினால் கட் ஆஃப். ஐ.சி.எஃப். டெஸ்ட் பேப்பர் கைக்கு வந்த நிமிடமே மார்ஜினில் கட் ஆஃப் போட்டுவிடுவான்.

வேதியியல் செய்முறைத் தேர்வு நாளை யார் மறப்பீர்கள்? பெர்மாங்கனேட் டைட்ரேஷன், பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிறிய இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்த வேண்டும். புதிதாகச் சேர்ந்த நம் நண்பர் பதற்றத்தில் திருகைத் திறந்தபடியே விட்டுவிட்டார், குடுவை முழுக்கக் கத்தரிப்பூ நிறம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் லேப் அண்ணன் சத்தமில்லாமல் குடுவையை வாங்கிக் கழுவி, மறுபடி தொடங்குங்கள் என்று கண்ணைக் காட்டினார். அந்த அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார் என்று கேள்வி. அவரையும் அழைக்க வேண்டும், மேடையில் உட்கார வைக்க வேண்டும்.

கடைசித் தேர்வு முடிந்ததும் வாசலில் இங்க் அடித்துக்கொண்டதும், சட்டையில் கையெழுத்து வாங்கியதும், அப்புறம் கிண்டியில் கவுன்சிலிங் திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டு அப்பாவோடு நின்றதும், எல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு நண்பர்களோடுதான். இதை யாரிடமிருந்தும் நான் பறிக்கவில்லை. பட்டியலில் முதல் பெயர்கள் இவர்களுடையதாகவே இருக்கட்டும்.

20.05.2024

இடமும் காசும். இதில் நான் பிடிவாதமாக இருக்கப்போகிறேன்.

2,500 ரூபாய், ஈ.சி.ஆர். ரிசார்ட், காலை எட்டுக்கு வேன் என்றால், யார் வருவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். சம்பளம் மாதம் முதல் தேதி வங்கியில் விழுகிறவர்கள் வருவார்கள். நடு காலனி ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டினால் அந்த வாரத்தின் பெரிய வியாபாரம் போகும். மூலக்கடைக்கு ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அவனோடு இரண்டு பையன்களுக்கும் கூலி இல்லை. அழைத்துவிட்டு வரமுடியாத இடத்தில் வைப்பது அழைக்காததற்குச் சமம்.

பெரம்பூரிலேயே ஒரு சின்ன மண்டபம். மாலை ஆறரைக்கு மேல். பந்தி போட்டு இலைச் சாப்பாடு. தலைக்கு இவ்வளவு என்று போட வேண்டாம். முடிந்தவர்கள் முடிந்ததைப் போடட்டும், யார் எவ்வளவு என்று குழுவில் எழுத வேண்டாம். குறைவதை ஐந்தாறு பேர் சேர்ந்து ஏற்றுக்கொள்ளலாம், நான் ஒருவன்.

விசிட்டிங் கார்டு பரிமாற்றம், "இப்போது எங்கே இருக்கிறாய்" என்று மைக்கில் ஒவ்வொருவராகச் சொல்வது, இவையும் வேண்டாம். பல பேட்ச் சந்திப்புகளில் பார்த்திருக்கிறேன், அந்த மைக் கைக்கு வருவதற்குள் சிலர் கிளம்பிவிடுகிறார்கள்.

21.05.2024

நடு காலனி ஒரே வரி எழுதியிருக்கிறான்: "பந்திக்கு மளிகை நம்ம கடையிலிருந்து." சரி, அந்தச் செலவு தீர்ந்தது.

22.05.2024

நேற்று இரவு மூலக்கடையிடம் பேசினேன். எடுத்ததும் வர மறுத்தான். "அவங்க பன்னெண்டு முடிச்சவங்க, நான் வந்து என்னடா பேசுறது" என்றான். நான் ஒன்றும் வாதாடவில்லை, போனை ஜமாலியாவிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது, நடுவில் பி.டி. மாஸ்டர் விசில் சத்தத்தை யாரோ வாயால் செய்தது மட்டும் கேட்டது. ஆகஸ்டில் சர்வீஸ் வேலை கொஞ்சம் குறையும், மாலை ஏழு மணிக்கு மேல் என்றால் வருகிறேன் என்றிருக்கிறான். அம்மாவையும் கூட்டி வரச் சொன்னேன், அதற்கு இன்னும் பதில் இல்லை.

23.05.2024

கேள்வி கேட்ட நண்பர் இன்று புதிய பட்டியல் போட்டிருக்கிறார், 2010 ஒன்பதாம் வகுப்பு 'பி'யில் தொடங்கி, பதினொன்றில் சேர்ந்தவர்களையும் கூட்டி. அவருக்கு என் நன்றி. ரிசார்ட்டையும் விட்டுவிட்டார். மண்டபம் அகரம் பொறுப்பு, அவன் கடைக்கு எதிரில்தான். நேரம் ஏழு மணி என்று மாற்றிவிடுங்கள். லேப் அண்ணன் வீட்டு முகவரியைப் பழைய தலைமை எழுத்தரிடம் கேட்டு வாங்குவது என் பொறுப்பு.

பட்டியலில் இன்னும் தொடர்பு கிடைக்காதவர்கள்: வியாசர்பாடி இரண்டு பேரும், கொளத்தூரிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த உயரமான பையன், அப்புறம் ஒன்பதாம் வகுப்புப் பாதியில் அப்பாவுக்கு வேலை மாற்றல் என்று அரக்கோணம் போன பெரிய காலனி. யாரிடமாவது எண் இருந்தால் இங்கே பொதுவில் போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.